வினையெச்சமும் வாட்ஸ்அப்பும்: கவன எச்சம் என்றால் என்ன?

மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். எல்லாரும் பொறியியல் கல்லூரி, எல்லாருக்கும் கணக்கில் அரியர். போன மாதம் ஒருநாள், இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் லாப்லாஸ் பாடத்தில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்ட் பி-யில் 13 மார்க்குக்கு வரும் ரகம். அதன் நடுவில் ஒரு பின்னத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேலே 3எஸ் + 5. கீழே எஸ் + 1, எஸ் + 2 இரண்டின் பெருக்கல். ஏ, பி என்று இரண்டு எண்களைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி தானாக ஓடும். எஸ் இருக்கும் இடத்தில் -1 போட்டாள். ஏ = 2 வந்தது. சரி. அடுத்து -2 போட்டால் பி = 1.

அப்போது நோட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்தாள், பார்த்தாள், கட்டைவிரலால் ஏதோ தட்டினாள், திரும்பக் கவிழ்த்தாள். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. பேனாவை எடுத்து எழுதினாள்: பி = 11/3.

"ஏம்மா, எங்கேருந்து வந்துச்சு இந்தப் பதினொண்ணு பை மூணு?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். "மைனஸ் விட்டுட்டேன் சார். வெறும் ரெண்டுன்னு போட்டுட்டேன்." அப்புறம், கொஞ்சம் ரோஷத்தோடு, "எனக்குத் தெரியும் சார் இது."

தெரியும்தான். முந்தின வரியில் அதே மைனஸை ஒழுங்காகப் போட்டவள்தானே. போனில் என்ன வந்தது என்று கேட்டேன். கிளாஸ் குரூப்பில் எவனோ ஒருவன் "நாளைக்கு லேப் ரெக்கார்டு சப்மிட் பண்ணணுமா?" என்று கேட்டிருக்கிறான். இவள் "தெரிலடா" என்று போட்டிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது.

சமூக ஊடகத்தால் படிப்பு கெடுகிறது என்று பேசும்போது வீட்டிலும் சரி, கல்லூரியிலும் சரி, மணிக்கணக்கைத்தான் சொல்வார்கள். தினம் மூன்று மணி நேரம் ரீல்ஸ் பார்க்கிறானே, அந்த நேரத்தில் ஒரு யூனிட் முடித்திருக்கலாமே என்று. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் இந்த அரை நிமிஷம் வரவே வராது. போனில் ஸ்க்ரீன் டைம் காட்டும் இடத்திலும் அது ஒரு பொருட்டாகத் தெரியாது. இங்கே நான் விளக்க நினைப்பது அந்த அரை நிமிஷத்தை மட்டும்தான். அதில் நடப்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் கவன எச்சம் எனலாம்.

2009-ல் சோஃபி லெராய் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் இந்தப் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய சோதனை எளிமையானது. சிலரிடம் ஒரு சொற்புதிரைக் கொடுத்தார். சிலர் அதை முடித்தார்கள், சிலரை முடிக்கவிடாமல் நிறுத்தினார். பிறகு எல்லாரையும் வேறொரு வேலைக்கு மாற்றினார்: வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் பயோடேட்டாக்களைப் படித்து மதிப்பிட வேண்டும். புதிரைப் பாதியில் விட்டவர்களின் மனசு புதிரிலேயே கொஞ்சம் தங்கிவிட்டது. கண் பயோடேட்டாவில் இருந்தாலும் அந்த வேலையில் அவர்கள் சறுக்கினார்கள். உடம்பு ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறிவிடும். கவனம் அப்படி மாறாது, ஒரு துண்டு பின்தங்கும். அந்தத் துண்டுதான் எச்சம்.

இந்தச் சொல் தமிழில் இன்னும் பொருத்தமாக விழுகிறது. பள்ளியில் வினையெச்சம் படித்திருப்போம். "வந்து" என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வந்து? வந்து என்ன செய்தான்? "வந்து போனான்" என்று ஒரு முற்று கிடைத்தால்தான் காது ஓயும். முற்றுக்காகக் காத்திருக்கும் வினைதான் எச்சம். மனசும் அப்படித்தான் வேலை செய்கிறது. முடியாத காரியத்தைக் கீழே வைக்க அதற்குத் தெரியவில்லை.

கணக்கில் மைனஸ் தொலைவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சின்ன வயசில் கூட்டல் போட்டதை நினைத்துப் பாருங்கள். ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்து போட்டு கையில் ஒன்று. அந்த "கையில் ஒன்று" தாளில் இருக்காது. அடுத்த பத்திக்குப் போகும் வரை மனசுதான் அதைப் பிடித்திருக்க வேண்டும். நடுவில் யாராவது "டேய், தண்ணி எடுத்துட்டு வா" என்றால், தாளில் எழுதிய ஐந்து அப்படியே இருக்கும், கையில் இருந்த ஒன்று போய்விடும். மனசின் கையில் ஒரே சமயம் ரொம்பப் பிடிக்காது. நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-ல் போட்ட கணக்குப்படி சுமார் நான்கு உருப்படிகள். என் திண்ணைப் பெண்ணின் கையில் அப்போது இருந்தவை இவை: ஏ முடிந்தது, அடுத்து பி, எஸ்ஸுக்கு -2, கீழே எந்தக் காரணியை மறைக்க வேண்டும். கை நிறைந்திருந்தது. அதில் "லேப் ரெக்கார்டு நாளைக்கா?" என்ற ஐந்தாவது வந்து விழுந்தது. ஒன்று கீழே விழத்தான் வேண்டும், விழுந்தது மைனஸ்.

அவள் பதில் போட்டுவிட்டாளே, பிறகு என்ன எச்சம் என்று கேட்கலாம். அவள் போட்டது "தெரிலடா". அது முற்று இல்லை. உண்மையிலேயே நாளைக்கு ரெக்கார்டு வைக்க வேண்டுமா? எழுதிவிட்டோமா? கடைசி இரண்டு சோதனைக்கு வெளியீட்டுப் படம் ஒட்டவில்லையே? கேள்வி குரூப்பிலிருந்து நகர்ந்து இவள் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

மற்ற இடையூறுகளுக்கும் போனில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் என்று நினைக்கிறேன். அம்மா "சாப்பிட வா" என்று கூப்பிடுவதும் இடையூறுதான். போய்ச் சாப்பிட்டு, கை கழுவினால் முடிந்தது. பக்கத்து வீட்டில் மைக் செட் அலறுவதும் இடையூறு, ஆனால் அது உங்களிடம் பதில் கேட்காது. சமூக ஊடகத்தில் வருவது பெரும்பாலும் அரைகுறையாகவே வருகிறது. செய்தி அனுப்பியாயிற்று, நீல டிக் விழவில்லை. விழுந்துவிட்டது, பதில் இல்லை. "டைப்பிங்" என்று காட்டியது, நின்றுவிட்டது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதற்குள் யார் யார் பார்த்தார்கள் என்று பார்க்க வேண்டும். படம் போட்டாயிற்று, லைக் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஃபீடுக்கு அடிவாரமே கிடையாது. முன்பெல்லாம் ஒரு பக்கம் முடிந்து "அடுத்த பக்கம்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அங்கே ஒரு மூச்சு விடலாம். 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் அந்தப் பொத்தானே தேவைப்படாதபடி, கீழே போகப் போகத் தானாக நீளும் பக்கத்தை உருவாக்கினார். பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகவே பேசினார். ஒரு முற்றுப்புள்ளியைத் தூக்கிவிட்டோம் என்ற வருத்தம்.

ஆக, நாள் முழுக்க வினையெச்சங்களாகவே கேட்டுக்கொண்டிருக்கும் காது போல மாணவனின் மனசு ஆகிவிடுகிறது. வந்து... பார்த்து... சொல்லி... இதற்கு நடுவில்தான் ஃபூரியர் தொடரும் தெர்மோடைனமிக்ஸின் இரண்டாம் விதியும் உள்ளே போக வேண்டும்.

போனை எடுக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் தப்பித்துவிடலாமா? அதுவும் அவ்வளவு லேசில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோதார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2015-ல் இதைச் சோதித்தார்கள். கவனம் தேவைப்படும் ஒரு வேலையை மாணவர்களுக்குக் கொடுத்து, நடுவில் அவர்கள் போனுக்கு நோட்டிபிகேஷன் வர வைத்தார்கள். போனைத் தொடாதவர்களும் தடுமாறினார்கள், ஏறக்குறைய முந்தைய ஆய்வுகளில் போனைப் பயன்படுத்தியவர்கள் தடுமாறிய அளவுக்கு. அதிர்வு கேட்டதுமே "யாரா இருக்கும்?" என்று ஒரு வாக்கியம் தொடங்கிவிடுகிறது. போனைப் பார்த்தால் எச்சம், பார்க்காவிட்டாலும் எச்சம். மேசையில் போன் சும்மா இருந்தாலே மூளைத்திறன் குறைகிறது என்று 2017-ல் ஒரு ஆய்வு சொல்லிப் பரபரப்பானது. ஆனால் பின்னால் வந்த மறுசோதனைகள் எல்லாவற்றிலும் அதே விடை வரவில்லை. அதனால் அதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அதிர்வு விஷயம் வேறு, அதை என் திண்ணையிலேயே பார்க்கிறேன்.

எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது? லாரி ரோசனும் அவருடைய குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் 263 பேரை அவர்கள் படிக்கும் இடத்திலேயே உட்கார்ந்து கவனித்தார்கள். வெறும் 15 நிமிஷம். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார், முக்கியமான பாடத்தைப் படி என்று சொல்லியும் இருக்கிறார்கள். அப்படியும் சராசரியாக ஆறு நிமிஷத்துக்குள் கவனம் வேறு எங்காவது தாவியது. யாரும் பார்க்காத ஹாஸ்டல் அறையில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் அடிக்கடி பிள்ளைகளுக்குச் சொல்வது இன்னொரு ஆய்வை. 2010-ல் லாரா போமன் என்பவரும் குழுவினரும் மாணவர்களிடம் ஒரு பாடப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் படிக்கும்போதே சாட் செய்திகள் வந்தன, பதில் போட வேண்டும். இன்னொரு பிரிவினர் சாட்டை முடித்துவிட்டுப் படித்தார்கள். மூன்றாவது பிரிவினருக்கு சாட்டே இல்லை. கடைசியில் எல்லாருக்கும் ஒரே தேர்வு.

மார்க் என்ன ஆகியிருக்கும்? வித்தியாசம் இல்லை. மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வரும். "பாத்தீங்களா சார்." பொறு. படித்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று பார்த்தார்கள். சாட் செய்த நேரத்தை முழுசாகக் கழித்துவிட்டுத்தான் பார்த்தார்கள். அப்படிக் கழித்த பிறகும், நடுவில் சாட் செய்தவர்கள் 22 முதல் 59 சதவீதம் வரை அதிக நேரம் எடுத்திருந்தார்கள். எந்த முறையில் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும், ஆனால் எந்த முறையிலும் கணிசம்தான். ஒரு மணி நேரத்துப் பாடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், ஒன்றரை மணி நேரம். கூடுதல் நேரம் சாட்டுக்குப் போகவில்லை, அது ஏற்கெனவே கழிந்துவிட்டது. திரும்பி வந்து, எந்த வரியில் விட்டோம், இந்த "அது" என்பது எதைக் குறிக்கிறது, இரண்டு பத்தி மேலே போய்த் திரும்பப் படி என்று தேடியதில் போன நேரம் அது. கையில் இருந்த ஒன்றைத் தரையில் தேடிய நேரம்.

படிப்பின் மேல் சமூக ஊடகம் செய்யும் வேலை மாணவன் கண்ணுக்குத் தெரியாமல் போவது இப்படித்தான். அவன் உட்கார்ந்த நேரத்தை எண்ணுகிறான். "நைட் பத்து மணிக்கு உக்காந்து ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன் சார்" என்பான். பொய் இல்லை, உட்கார்ந்தான். படித்தது பாடமாகவும் ஏறியிருக்கும், இன்டர்னலில் மார்க்கும் சுமாராக வந்திருக்கும். போனது தூக்கம். அடுத்த நாள் முதல் பீரியடில் அவன் தலை தொங்கும்போது ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்பார். தேர்வுக்கு முன்னால் விடும் விடுமுறையில் ஐந்து யூனிட்டில் மூன்று மட்டும் முடிவதும் இதனால்தான். மூன்றும் நன்றாகத்தான் முடிந்திருக்கும்.

சரி, மொத்தத்தில் மார்க் குறைகிறதா இல்லையா? இந்தக் கேள்விக்கு ஒரு சண்டையே நடந்திருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் ஆரின் கார்பின்ஸ்கி என்ற ஆய்வாளர் 219 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு செய்திகளில் அடிபட்டது: ஃபேஸ்புக் வைத்திருப்பவர்களின் மார்க் சராசரி குறைவு, படிக்கும் நேரமும் குறைவு. சில வாரங்களிலேயே ஜாஷ் பாசெக் முதலான வேறு ஆய்வாளர்கள் பெரிய தரவுகளை எடுத்துப் பார்த்து, அப்படி உறுதியான தொடர்பு எதுவும் தெரியவில்லை என்று எழுதினார்கள். 2012-ல் ரெய்னால் ஜங்கோ 1,839 மாணவர்களை வைத்துப் பார்த்தபோது தொடர்பு இருந்தது, ஆனால் சின்னது. ஃபேஸ்புக்கில் தினம் 93 நிமிஷம் கூடினால் மார்க் சராசரி 0.12 புள்ளி குறைகிறது. நான்குக்குக் கணக்கிடும் அளவுகோலில் 0.12. அதிலும் எல்லாப் பயன்பாடும் ஒரே மாதிரி இல்லை. தகவல் தேடிப் பகிர்பவர்களுக்கு அது கெடுதலாகவும் தெரியவில்லை.

இதில் முதல்முறை படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கு உண்டு. போன் பார்ப்பதால் படிப்பு குறைகிறதா, படிப்பு பிடிக்காதவன் போன் பார்க்கிறானா? கோழியா முட்டையா கேள்வி. மழைக்காலத்தில் குடையும் ஜலதோஷமும் சேர்ந்து வருகின்றன, அதற்காகக் குடையால் ஜலதோஷம் என்று சொல்ல முடியாது. ஒரு தருணத்தில் எடுத்த கணக்கெடுப்பை வைத்து இதைத் தீர்க்க முடியாது. போமனும் ஸ்டோதார்ட்டும் செய்தது போலச் சோதனை வைத்தால்தான் ஓரளவு தெரியும். இல்லாவிட்டால் வரலாறே ஒரு சோதனை வைத்திருக்க வேண்டும்.

ஒருமுறை வைத்தது. ஃபேஸ்புக் பிறந்ததே ஒரு மாணவர் விடுதியில். 2004 பிப்ரவரி 4 அன்று ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும் தொடங்கியது. பிறகு கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் என்று ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்தார்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரி இல்லாதவர் உள்ளே வர முடியாது. பொதுமக்களுக்குத் திறந்தது 2006 செப்டம்பரில்தான். அதனால் ஒரே மாதத்தில் சில கல்லூரிகளில் ஃபேஸ்புக் உண்டு, சிலவற்றில் இல்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்தி லூக்கா பிராகியேரி, ரோயி லெவி, அலெக்ஸி மகாரின் என்ற மூன்று பொருளியலாளர்கள் 775 கல்லூரிகளில் ஃபேஸ்புக் எப்போது வந்தது என்பதையும், அதே காலத்து மாணவர் மனநலக் கணக்கெடுப்புகளையும் பொருத்திப் பார்த்தார்கள். 2022-ல் வெளியானது. ஃபேஸ்புக் வந்த பிறகு மாணவர்களின் மனநலம் ஓரளவு மோசமானது. மனநலக் குறைவால் தங்கள் படிப்பு பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களும் கூடினார்கள். அவர்கள் கைகாட்டும் காரணம் ஒப்பீடு: மற்றவர்கள் எல்லாரும் நம்மைவிட நன்றாக இருக்கிறார்கள் என்ற எண்ணம்.

அப்போது ரீல்ஸ் கிடையாது, கையில் ஸ்மார்ட்போனும் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஊரில் அந்த ஒப்பீடு உச்சத்துக்குப் போவது கடைசி வருஷத்தில், லிங்க்ட்இன்னில். பிளேஸ்மென்ட் சீசன் தொடங்கியதும் கூடப் படிப்பவர்கள் ஒவ்வொருவராக "மகிழ்ச்சியுடன் பகிர்ந்துகொள்கிறேன்" என்று கம்பெனிச் சின்னத்தோடு படம் போடுவார்கள். இன்னும் வேலை கிடைக்காதவன் அதற்கு ஒரு கைதட்டல் போட்டுவிட்டு ஆப்டிட்யூட் புத்தகத்தைத் திறப்பான். ரயில் இவ்வளவு வேகத்தில் போனால் பாலத்தைக் கடக்க எத்தனை விநாடி? அவனுக்கு ரயில் ஓடாது. "அவனுக்கே கிடைச்சிடுச்சா?" என்பதும் ஒரு வினையெச்சம்தான், அதற்கு முற்று சீக்கிரம் வராது.

இதுவரை சொன்னதெல்லாம் போன் வைத்திருப்பவனுக்கு நடப்பது. போன் எடுக்காதவனும் தப்புவதில்லை. கனடாவில் ஃபாரியா சானா முதலானோர் 2013-ல் வெளியிட்ட சோதனை இது. வகுப்பில் லேப்டாப்பில் வேறு வேலையும் சேர்த்துப் பார்த்த மாணவர்கள் தேர்வில் 11 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். அது எதிர்பார்த்ததே. அடுத்த சோதனையில், காகிதத்தில் ஒழுங்காகக் குறிப்பெடுத்தவர்களைப் பார்த்தார்கள். கண்ணில் படும்படி முன்னால் இன்னொருவரின் திரை ஓடிக்கொண்டிருந்தவர்கள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். இரண்டும் தனித்தனிச் சோதனை, எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் பையன் பக்கத்தில் ஓடும் கிரிக்கெட் ஸ்கோருக்காகத் தானும் மார்க்கைக் கட்டுகிறான் என்பது நிஜம். மகன் போனே தொடுவதில்லை என்று பெருமைப்படும் பெற்றோர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

அதனால் "உனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று ஒரு மாணவனைப் பார்த்துச் சொல்வதில் எனக்கு அவ்வளவு சம்மதம் இல்லை. போனைத் தூக்கிப் பரணில் போடு என்பவர்களிடம் நான் கிளாஸ் குரூப்பைக் காட்டுவேன். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது வகுப்பு போனுக்குள் வந்தது. அதற்கு முன்னும் குரூப் இருந்தது, ஆனால் அதற்குப் பின் கல்லூரியின் அறிவிப்புப் பலகையே அதுதான் என்று ஆகிவிட்டது. இன்டர்னல் தேதி, ஹால் டிக்கெட், அறை எண், யூனிட் 3-க்கு மேடம் அனுப்பிய பிடிஎஃப், உதவித்தொகைக்குக் கடைசி நாள், எல்லாம் அங்கே. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதற்கு என்ன சான்றிதழ் எப்போது கொடுக்க வேண்டும் என்பதும் அதே குரூப்பில்தான் வரும். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவளுக்கு அதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. அந்தக் குரூப்பிலேயே அறுபது பேரின் பிறந்தநாள் வாழ்த்தும், மீம்ஸும், "யாராச்சும் எழுதுன அசைன்மென்ட் இருக்கா?" என்பதும் வருகிறது. அரிசியையும் கல்லையும் ஒரே மூட்டையில் கட்டி, பொறுக்கிக்கொள் என்று கொடுத்தது போல.

வெளியேற முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் அழகாக அளந்திருக்கிறார்கள். லியோனார்டோ பர்ஸ்டின் முதலான பொருளியலாளர்கள் 2023-ல் வெளியிட்டது. நான்கு வாரம் டிக்டாக்கை நிறுத்த உனக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டார்கள். சராசரியாக சுமார் 59 டாலர் கேட்டார்கள் மாணவர்கள். பிறகு கேள்வியை மாற்றினார்கள்: உன் கல்லூரியில் எல்லாருமே, உன்னையும் சேர்த்து, நிறுத்துவதாக இருந்தால்? இப்போது மாணவர்கள் காசு கேட்கவில்லை. அப்படி நடப்பதற்குத் தாங்களே சுமார் 28 டாலர் தரத் தயார் என்றார்கள். எல்லாரும் எழுந்துபோனால் நிம்மதி, நான் மட்டும் எழுந்தால் நஷ்டம். கல்யாணப் பந்தியில் முதல் ஆளாக இலையை மடிக்கத் தயங்குகிறோமே, அதே தயக்கம்.

நல்ல பக்கம் இல்லையா என்றால், உண்டு. 2011-ல் ஜங்கோவே 125 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு பிரிவினருக்கு ஆசிரியர்கள் ட்விட்டர் வழியாகப் பாடம் தொடர்பான உரையாடல் நடத்தினார்கள். அந்தப் பிரிவின் ஈடுபாடும் மார்க்கும் மற்ற பிரிவைவிட உயர்ந்தன. ஆசிரியர் நடத்தினார், நோக்கம் இருந்தது என்பதுதான் அதில் விஷயம். என் பிள்ளைகளில் பாதிப்பேர் லாப்லாஸைப் புரிந்துகொண்டதே யாரோ தமிழில் போட்ட யூடியூப் வீடியோவில்தான். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

வழி என்று நான் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று குரூப்புக்கு. வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி குரூப்பை அமைக்கலாம். அறிவிப்புக்கு அப்படி ஒன்று, அரட்டைக்கு வேறொன்று. அரட்டைக் குரூப்பை மியூட்டில் போட்டால் நஷ்டமில்லை. சி.ஆர்., அதாவது வகுப்புப் பிரதிநிதி, நினைத்தால் ஐந்து நிமிஷ வேலை. என்னிடம் வரும் ஒரு பையன் சி.ஆர். அவனிடம் சொன்னேன். செய்தான். இரண்டு வாரத்தில் அறிவிப்புக் குரூப்புக்கு நான்கு பேரை அட்மின் ஆக்கியிருந்தான். அதில் ஒருவன் இப்போது அங்கே மீம்ஸ் போடுகிறான்.

இன்னொன்று தனி ஆளுக்கு. லெராய் 2018-ல் தெரசா கிளாம்ப் என்பவரோடு சேர்ந்து தன் ஆய்வைத் தொடர்ந்தார். வேலையை விட்டு எழ வேண்டி வந்தால், எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று ஒரு நிமிஷத்துக்குள் எழுதி வைத்துவிட்டு எழுங்கள். அப்படி எழுதியவர்களுக்கு எச்சம் குறைந்தது, அடுத்த வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். கையில் இருந்த ஒன்றைத் தாளில் இறக்கி வைப்பதுதான் இது. போனைத் தொடாதே என்று நான் சொல்வதில்லை, சொன்னால் கேட்கப் போவதும் இல்லை. எழுதிவிட்டு எடு என்கிறேன். எழுதச் சோம்பல்பட்டு எடுக்காமல் விடுகிறவர்களும் உண்டு, அது உபரி லாபம்.

அந்தப் பெண் முதலில் சிரித்தாள். "ஒரு மெசேஜ் பாக்குறதுக்கு டைரி எழுதணுமா சார்?" நான் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் வீட்டுக்கணக்கு நோட்டைத் திருத்தும்போது மூன்றாவது பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். "ஏ முடிஞ்சுது. அடுத்து பி, -2. மைனஸ்!!" கீழே பி-யின் மதிப்பு சரியாக இருந்தது. மைனஸைச் சுற்றி ஒரு வட்டம் வேறு.